வீட்டுக்கு எந்த இணையம், எந்தத் தொலைபேசி, எந்தத் தொலைக்காட்சி? கையெழுத்திடும் முன் ஒரு கணக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாமான் வீட்டு வாசலிலோ தோட்டத்து லயத்து வீட்டின் முன்போ ஒரு முகவர் வந்து நிற்பார். கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை. "இணையம், தொலைபேசி, தொலைக்காட்சி மூன்றும் ஒரே பில்லில் வரும், மைகார்டு மட்டும் கொடுங்கள்" என்பார். பள்ளிக்குப் போகும் பிள்ளை உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கும். பெற்றோரும் சரி என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அந்த ஒரு கையெழுத்து 24 மாதங்களுக்கு அந்தக் குடும்பத்தின் வருமானத்தில் ஒரு பங்கைக் கட்டிப்போட்டுவிடும்.

மலேசியாவில் இன்று இணையம் இல்லாத வீட்டில் பிள்ளையின் வீட்டுப்பாடம் முதல் அரசாங்க உதவித்தொகை விண்ணப்பம் வரை எல்லாமே தடைபடுகிறது. எனவே சேவை வேண்டுமா என்பதைவிட எந்தச் சேவை, யாரிடமிருந்து, எவ்வளவுக்கு என்பதே இப்போதைய கேள்வி. அதற்கு விடை தேடும் குடும்பங்களுக்கு உதவும் விவரங்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

முதல் கேள்வி: வீடு எங்கே இருக்கிறது?

பலரும் முதலில் விலையைக் கேட்கிறார்கள். ஆனால் முதலில் கேட்க வேண்டியது முகவரியைப் பற்றி. எவ்வளவு மலிவான திட்டமாக இருந்தாலும் அந்தக் கம்பி வீட்டுக்கு வரவில்லை என்றால் பயனில்லை.

நகர்ப்புறத் தாமான்களில் பெரும்பாலும் ஃபைபர் எனப்படும் கண்ணாடி இழைக் கம்பி வந்துவிட்டது. டெலிகோம் மலேசியா 2010 மார்ச்சில் யூனிஃபை சேவையைத் தொடங்கியபோது பரவத் தொடங்கிய தொழில்நுட்பம் இது. அதற்கு முன் ஸ்ட்ரீமிக்ஸ் என்ற பெயரில் பழைய செப்புத் தொலைபேசிக் கம்பி வழியாகவே வீடுகளுக்கு இணையம் வந்தது. செப்புக் கம்பியில் தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு எவ்வளவு தூரமோ அவ்வளவுக்கு வேகம் குறையும். ஃபைபரில் அந்தக் குறை பெரிதாக இல்லை.

இன்று யூனிஃபை, மெக்சிஸ், செல்காம்டிஜி, டைம், யு மொபைல், ஆஸ்ட்ரோ எனப் பல நிறுவனங்கள் ஃபைபர் சேவை விற்கின்றன. ஆனால் பெயர்கள் பலவாக இருந்தாலும் வீட்டுக்கு வரும் கம்பி பல இடங்களில் ஒன்றுதான். ஒரு நிறுவனம் போட்ட கம்பியை மற்ற நிறுவனங்கள் வாடகைக்கு எடுத்துத் தங்கள் பெயரில் சேவை தருகின்றன. இதைத் தெரிந்துகொள்வதில் இரண்டு பயன்கள் உண்டு. கம்பம் சாய்ந்து கம்பி அறுந்தால் அந்தக் கம்பியை நம்பியிருக்கும் எல்லா நிறுவனங்களின் வாடிக்கையாளர்களும் சேர்ந்தே பாதிக்கப்படுவார்கள்; நிறுவனத்தை மாற்றினால் கம்பிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று எண்ணக்கூடாது. அதே நேரத்தில் கம்பி ஒன்றாக இருக்கும் இடத்தில் விலை, வாடிக்கையாளர் சேவை, பழுது பார்க்க எடுக்கும் நாட்கள் ஆகியவற்றை மட்டும் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கலாம்.

அடுக்குமாடிகளில் நிலைமை வேறு. கட்டடத்துக்குள் எந்த நிறுவனம் கம்பி போடலாம் என்பதில் கட்டட நிர்வாகத்தின் அனுமதி தேவை. டைம் போன்ற நிறுவனங்கள் பெரும்பாலும் உயரமான கட்டடங்களிலேயே கவனம் செலுத்தி வந்துள்ளன. ஆகவே பக்கத்து அடுக்குமாடியில் கிடைக்கும் சேவை நம் கட்டடத்தில் கிடைக்காமல் போகலாம். விண்ணப்பிப்பதற்கு முன் நிர்வாக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

இன்னொரு சொல்லையும் அடிக்கடி கேட்க நேரிடும்: "போர்ட் பெனு". தெருவில் ஃபைபர் இருக்கிறது. ஆனால் கம்பத்தில் உள்ள பெட்டியில் இணைப்புக்கான இடங்கள் எல்லாம் நிறைந்துவிட்டன என்பது இதன் பொருள். இப்படிச் சொல்லப்பட்டால் விண்ணப்பத்தைக் கைவிட வேண்டியதில்லை. விண்ணப்ப எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அதே தெருவில் காத்திருக்கும் மற்ற வீட்டுக்காரர்களும் சேர்ந்து விண்ணப்பித்தால் தேவை இருப்பது எழுத்தில் பதிவாகும்.

தோட்டப்புறத்தில் என்ன வழி?

தோட்டங்களில் சிக்கல் இரட்டிப்பாகிறது. லயத்து வீடுகள் பலவற்றுக்குத் தனி அஞ்சல் முகவரி இருப்பதில்லை. தோட்டத்தின் பெயரும் ஒரு பொதுவான அஞ்சல் குறியீடும்தான் இருக்கும். நிறுவனத்தின் கணினியில் முகவரியைத் தட்டினால் "சேவை இல்லை" என்றே வரும். நிலமும் வீடும் தோட்ட நிறுவனத்துக்குச் சொந்தமானவை என்பதால் கம்பம் நடவும் கம்பி இழுக்கவும் அதன் அனுமதி வேண்டும். தனி ஒரு குடும்பம் கேட்டு நடக்கக்கூடிய காரியம் அல்ல இது. தோட்ட நிர்வாகம், தொழிற்சங்கக் கிளை, ஆலய நிர்வாகம், பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆகியவை சேர்ந்து எழுத்துப்பூர்வமாகக் கேட்க வேண்டும்.

அரசாங்கம் 2020இல் ஜெண்டேலா எனப்படும் தேசிய இலக்கவியல் இணைப்புத் திட்டத்தைத் தொடங்கியது. ஃபைபர் விரிவாக்கம், கைப்பேசிக் கோபுரங்களைக் கூட்டுவது, மேம்படுத்துவது ஆகியவை அதன் பணிகள். அத்திட்டத்தின் ஒரு பகுதியாக 2021 இறுதிக்குள் 3ஜி அலைவரிசை நிறுத்தப்பட்டது. அதே டிசம்பரில் நாட்டில் 5ஜி தொடங்கியது. ஜெண்டேலா வரைபடத்தில் முகவரியைத் தேடி, அந்த இடத்தில் எந்தச் சேவை கிடைக்கிறது என்று பார்க்கலாம். இதைச் செய்யத் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டில் படிக்கும் பிள்ளை ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடும்.

ஃபைபர் வராத இடங்களில் இப்போது மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, கம்பியில்லா வீட்டு இணையம். கைப்பேசிக் கோபுரத்தின் 4ஜி அல்லது 5ஜி அலையை ஒரு ரூட்டர் பெட்டி வாங்கி வீட்டுக்குள் வைஃபையாகத் தரும். கம்பி இழுக்கும் வேலை இல்லை. மின்சாரத்தில் செருகினால் போதும். ஆனால் கோபுரத்தின் கொள்ளளவை அந்தப் பகுதியில் உள்ள எல்லாரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். மாலையில் வேலை முடிந்து எல்லாரும் வீடு திரும்பிய பிறகு வேகம் குறைவது இதனால்தான். சில திட்டங்களில் குறிப்பிட்ட அளவு பயன்படுத்திய பிறகு வேகம் வெகுவாகக் குறைக்கப்படும். "அன்லிமிடெட்" என்ற சொல்லைப் பார்த்ததும் நம்பிவிடாமல், எத்தனை ஜிகாபைட்டுக்குப் பிறகு வேகம் குறையும் என்று கேட்க வேண்டும்.

இந்தச் சேவைக்கு ஒப்பந்தம் போடும் முன் மலிவான சோதனை ஒன்று உண்டு. அந்தந்த நிறுவனத்தின் முன்கட்டணச் சிம் அட்டையை உறவினரிடமோ நண்பரிடமோ வாங்கி, ரூட்டர் வைக்க நினைக்கும் அதே இடத்தில், இரவு 9 மணிக்கு வேகத்தைச் சோதித்துப் பார்க்கலாம். காலை 10 மணிச் சோதனை உண்மையைச் சொல்லாது. செம்பனை மரங்களும் சிறு குன்றுகளும் அலையைத் தடுக்கும் என்பதால் ஒரே லயத்தில்கூட முதல் வீட்டில் கிடைக்கும் அலை கடைசி வீட்டில் கிடைக்காமல் போகலாம். ரூட்டரைக் கோபுரம் இருக்கும் திசையை நோக்கிய சன்னலருகே வைத்தால் பல வீடுகளில் நிலைமை மேம்படும்.

இரண்டாவது, துணைக்கோள இணையம். ஸ்டார்லிங்க் 2023 ஜூலையில் மலேசியாவில் சேவையைத் தொடங்கியது. அப்போது அறிவிக்கப்பட்ட மாதக் கட்டணம் 220 வெள்ளி; கருவியின் விலை 2,300 வெள்ளி. தனி ஒரு தோட்டக் குடும்பத்துக்கு இது பெரிய சுமை. ஆனால் தோட்டத்து மண்டபம், ஆலயம், பாலர் பள்ளி போன்ற பொது இடத்துக்குப் பலர் சேர்ந்து பெறுவதாக இருந்தால் கணக்கு மாறும். அப்படிச் செய்வதற்கு முன், திட்டத்தின் விதிமுறை அதை அனுமதிக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். வானம் மறைவின்றித் தெரியும் இடத்தில்தான் இந்தத் தட்டு ஒழுங்காக வேலை செய்யும்.

மூன்றாவது, நாடி மையங்கள். முன்பு இணைய மையம், பிறகு பெடி என்ற பெயர்களில் இயங்கியவை இவை. கணினி, இணையம், அடிப்படைப் பயிற்சி ஆகியவை இங்கே கிடைக்கும். வீட்டு இணையத்துக்கு இது முழு மாற்று ஆகாது. ஆனாலும் விண்ணப்பங்களை நிரப்பவும் பிள்ளைகளின் பள்ளிப் பணிகளைச் செய்யவும் அருகில் உள்ள மையத்தைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

எவ்வளவு வேகம் போதும்?

விளம்பரங்களில் 100, 300, 500, 1,000 என எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன. அவை ஒரு நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பதைக் குறிக்கும். கோப்புகளின் அளவோ மெகாபைட்டில் சொல்லப்படுகிறது. ஒரு பைட்டுக்கு எட்டுப் பிட். ஆக 100 மெகாபிட் வேகத்தில் ஒரு நொடிக்கு 12.5 மெகாபைட் மட்டுமே இறங்கும். "100 என்றார்கள், 12தான் வருகிறது" என்று முகவரிடம் சண்டை போடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேவையைக் கணக்கிடுவதும் கடினம் அல்ல. நெட்ஃபிலிக்ஸ் நிறுவனத்தின் பரிந்துரைப்படி முழு எச்டி தரத்தில் படம் பார்க்க 5 மெகாபிட், 4கே தரத்துக்கு 15 மெகாபிட் போதும். ஒரு வீட்டில் தந்தை 4கே தொலைக்காட்சியில் படம் பார்க்கிறார், தாயார் கைப்பேசியில் தொடர் பார்க்கிறார், இரண்டு பிள்ளைகள் இணைய வகுப்பில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தத் தேவை 40 மெகாபிட்டைத் தாண்டுவது அரிது. ஐந்தாறு பேர் கொண்ட சராசரிக் குடும்பத்துக்கு 100 மெகாபிட் தாராளம். வீட்டிலிருந்தே பெரிய கோப்புகளை அனுப்பி வேலை செய்பவர்களும் நிறையக் கருவிகள் வைத்திருப்பவர்களும் அதற்கு மேல் யோசிக்கலாம்.

பதிவேற்ற வேகத்தையும் கேட்க வேண்டும். இணைய வகுப்பில் பிள்ளையின் முகமும் குரலும் ஆசிரியருக்குத் தெளிவாகப் போய்ச் சேர்வது பதிவேற்ற வேகத்தைப் பொறுத்தது. சில திட்டங்களில் பதிவிறக்கம் 100 என்றால் பதிவேற்றம் 50 மட்டுமே இருக்கும்.

வேகம் குறைகிறது என்று புகார் செய்யும் வீடுகள் பலவற்றில் குறை கம்பியில் இருப்பதில்லை, ரூட்டர் வைத்திருக்கும் இடத்தில் இருக்கிறது. தொலைக்காட்சிக்குப் பின்னாலும் இரும்பு அலமாரிக்குள்ளும் ரூட்டரை வைத்தால் அலை வெளியே வராது. வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்தில் வைப்பதே நல்லது. ரூட்டரில் இரண்டு வகை அலைகள் உண்டு. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு. 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஆனால் சுவரைத் தாண்டும்போது வலுவிழக்கும். இரண்டு மாடி வீட்டில் கூடுதல் மெஷ் கருவி தேவைப்படலாம். ஆனால் 500 மெகாபிட்டுக்கு மாறினால் மாடி அறைக்கு அலை போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கம்பியின் வேகமும் அலை எட்டும் தூரமும் வெவ்வேறு.

நம் நாட்டில் இடி மின்னல் அதிகம். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ரூட்டருக்கான மின்கம்பி கடத்தும். இடி முழங்கும்போது செருகியைக் கழற்றி வைத்தால் கருவி தப்பும்.

விலை: விளம்பரத்தில் உள்ளதும் பில்லில் வருவதும்

2018இல் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் (எம்சிஎம்சி) நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று வசூலிக்கும் மொத்த விலைக்கு வரம்பு விதிக்கும் கட்டாயத் தரநிலையை நடைமுறைப்படுத்தியது. அப்போது துறை அமைச்சராக இருந்தவர் கோபிந்த் சிங் டியோ. அதன்பின் இணையக் கட்டணங்கள் குறைந்தன, அதே கட்டணத்தில் வேகமும் கூடியது. ஆனால் இதன் பயன் எல்லாருக்கும் தானாகப் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. ஆண்டுக்கணக்கில் ஒரே திட்டத்தில் இருப்பவர்கள், தங்கள் நிறுவனமே புதிய வாடிக்கையாளருக்கு அதே விலையில் என்ன வேகம் தருகிறது என்று பார்க்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் திட்டத்தை மாற்றக் கேட்கலாம். மாற்றினால் புதிதாக 24 மாத ஒப்பந்தம் தொடங்குமா என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிட வேண்டும்.

இனி கணக்கு. விளம்பரத்தில் மாதம் 89 வெள்ளி என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2024 மார்ச் முதல் சேவை வரி பொதுவாக 8 விழுக்காடாக உயர்ந்தாலும் தொலைத்தொடர்புச் சேவைகளுக்கு 6 விழுக்காடே நீடித்தது. ஆக 89 வெள்ளி பில்லில் 94 வெள்ளி 34 காசு ஆகிறது. 24 மாதங்களுக்கு 2,264 வெள்ளி 16 காசு. இதுதான் அந்தக் கையெழுத்தின் உண்மை விலை.

இதோடு முகவர் மாதம் 10 வெள்ளிக்கு ஒரு மெஷ் கருவியும் 50 வெள்ளிக்கு ஒரு தொலைக்காட்சித் தொகுப்பும் சேர்த்துவிட்டார் என்றால் மாதம் 149 வெள்ளி. வரியைச் சேர்க்காமலே 24 மாதங்களுக்கு 3,576 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளி வாங்கும் ஒரு தொழிலாளியின் மாத வருமானத்தில் இது ஏறக்குறைய 9 விழுக்காடு. மாதம் 10 வெள்ளி, 50 வெள்ளி என்று தனித்தனியாகச் சொல்லும்போது சிறிதாகத் தெரிவது, மொத்தமாகக் கூட்டும்போதுதான் எவ்வளவு என்று புரியும்.

"முதல் ஆறு மாதம் பாதி விலை" போன்ற சலுகைகளையும் இதே போல 24 மாதத்துக்குக் கூட்டிப் பார்க்க வேண்டும். சலுகை முடிந்த ஏழாவது மாதம் பில் எவ்வளவு என்பதைத் தாளில் எழுதித் தரச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குறைந்த வருமானக் குடும்பங்கள் கேட்டுப் பார்க்க வேண்டியது பாக்கேஜ் பெர்பாடுவான் எனப்படும் ஒற்றுமைத் தொகுப்பு. 2023இல் அறிமுகமான இத்திட்டத்தில் 30 மெகாபிட் வேக வீட்டு இணையம் மாதம் 69 வெள்ளிக்கு அறிவிக்கப்பட்டது. பி40 குடும்பங்கள், மூத்த குடிமக்கள், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருக்காக இது கொண்டுவரப்பட்டது. வீடு வீடாக வரும் முகவர் இதைப் பற்றி வாய் திறக்காமல் இருக்கலாம். விலை குறைந்த திட்டத்தை விற்பதால் அவருக்குப் பெரிய தரகு கிடைக்காது. ஆகவே நிறுவனத்தின் கிளைக்கே நேரில் சென்று, இத்தகைய சலுகைத் திட்டம் தற்போது உண்டா, யார் விண்ணப்பிக்கலாம் என்று கேட்பது நல்லது.

வீட்டுத் தொலைபேசி இன்னும் தேவையா?

கைப்பேசி எல்லார் கையிலும் இருக்கும்போது வீட்டுத் தொலைபேசி எதற்கு என்று இளையோர் கேட்பது நியாயமே. ஆனால் தாத்தா பாட்டி தனியாக இருக்கும் வீடுகளிலும் கைப்பேசி அலை பலவீனமாக உள்ள இடங்களிலும் அதன் மதிப்பு குறையவில்லை.

இங்கே ஒரு முக்கியமான மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் அது ஒலிக்கும். ஃபைபர் வழி வரும் தொலைபேசி அப்படி அல்ல. வீட்டு மோடத்துக்கு மின்சாரம் இல்லையென்றால் தொலைபேசியும் இயங்காது. முதியவர்கள் இருக்கும் வீட்டில் மின்னூட்டம் நிறைந்த கைப்பேசி ஒன்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். 999 என்ற அவசர எண்ணை அதிலிருந்து அழைக்கப் பழக்கிக் கொடுப்பதும் அவசியம்.

நிறுவனம் மாறும்போது எண் என்னவாகும் என்பதும் ஒரு கேள்வி. கைப்பேசி எண்ணை வைத்துக்கொண்டே நிறுவனம் மாறும் வசதி நாட்டில் 2008 முதல் உண்டு. வீட்டுத் தொலைபேசி எண்ணும் அப்படியே கூட வரும் என்று எண்ணிவிடக்கூடாது. மருத்துவமனை, பள்ளி, வங்கி ஆகியவற்றில் வீட்டு எண்ணைக் கொடுத்திருப்பவர்கள், மாறுவதற்கு முன் இதை எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

தொலைக்காட்சி: காசு கொடுத்துப் பார்ப்பதும் இலவசமாகப் பார்ப்பதும்

நம் குடும்பங்களில் ஆஸ்ட்ரோவின் இடம் தனி. 1996இல் தொடங்கிய காலம் முதல் வானவில் அலைவரிசை பல வீடுகளில் குடும்ப உறுப்பினர் போலவே ஆகிவிட்டது. தமிழ் அலைவரிசைகள் அதிகம் வேண்டுபவர்களுக்கு இன்றும் அது முதன்மையான தேர்வு. ஆனால் தொகுப்பில் உள்ள அலைவரிசைகளில் எத்தனையை உண்மையில் பார்க்கிறோம் என்று ஒரு வாரம் குறித்துப் பார்ப்பது நல்லது. விளையாட்டும் ஆங்கிலப் படங்களும் யாரும் பார்க்காத வீட்டில் அவற்றுக்கும் சேர்த்துப் பணம் கட்டிக்கொண்டிருக்கலாம். தொகுப்பைக் குறைக்க முடியுமா என்று கேட்டால் பெரும்பாலும் வழி கிடைக்கும்.

துணைக்கோளத் தட்டு வழி வரும் ஒளிபரப்பு கனமழையில் தடைபடும். இணையம் வழி வரும் ஒளிபரப்புக்கு மழைத் தொல்லை குறைவு. ஆனால் இணையம் நின்றால் தொலைக்காட்சியும் நின்றுவிடும். மூன்று சேவைகளையும் ஒரே நிறுவனத்திடம் ஒரே கம்பியில் வாங்குபவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். பில் ஒன்றாவது வசதிதான். கம்பி அறுந்தால் மூன்றும் ஒன்றாகப் போகும்.

மாதக் கட்டணம் இல்லாத வழிகளும் உண்டு. நாட்டில் பழைய அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31ஆம் தேதியோடு முழுமையாக நிறுத்தப்பட்டது. இப்போது மைடிவி இலக்கவியல் ஒளிபரப்பை ஒரு சிறு ஆண்டெனாவும் அதற்கான பெட்டியும் இருந்தால் இலவசமாகப் பார்க்கலாம். புதிய தொலைக்காட்சிகள் பலவற்றில் இந்தப் பெட்டி உள்ளேயே இருக்கும். டிவி2இல் வரும் தமிழ்ச் செய்தி இதில் கிடைக்கும். ஆஸ்ட்ரோவின் என்ஜோய் சேவை 2012 முதல் மாதச் சந்தா இன்றித் தட்டு வழியாக அலைவரிசைகளைத் தருகிறது. வேண்டும்போது மட்டும் காசு கட்டிக் கூடுதல் அலைவரிசை பார்க்கும் வசதியும் அதில் உண்டு. இணையம் உள்ள வீட்டில் ஆர்டிஎம் கிளிக் செயலி வழியாக வானொலி, தொலைக்காட்சி இரண்டையும் இலவசமாகப் பெறலாம். மின்னல் பண்பலையும் அதில் உண்டு.

ஒரு முறை பணம் கட்டினால் உலகத்து அலைவரிசைகள் எல்லாம் வாழ்நாள் முழுதும் வரும் என்று விற்கப்படும் ஆண்ட்ராய்டு பெட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றில் பல, உரிமம் இன்றித் திருடப்பட்ட ஒளிபரப்பைத் தருபவை. 2022 மார்ச் 18 முதல் நடப்பில் உள்ள பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தின்படி இத்தகைய கருவிகளையும் செயலிகளையும் விற்பவருக்கு 10,000 வெள்ளிக்குக் குறையாமல் 200,000 வெள்ளி வரை அபராதமோ 20 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். பக்கத்து வீட்டாருக்கு வாங்கித் தந்து நூறு வெள்ளி லாபம் பார்க்க நினைப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். "வாழ்நாள்" என்று விற்கப்பட்டது மூன்றாவது மாதம் நின்றுபோனால் யாரிடமும் புகார் செய்யவும் வழியில்லை.

யார் பெயரில் ஒப்பந்தம்?

பல வீடுகளில் தவறு நடக்கும் இடம் இதுதான். அண்ணன் பெயரில் ஏற்கெனவே பாக்கி இருக்கிறது என்று தம்பி பெயரில் விண்ணப்பிக்கிறார்கள். தோட்டத்தில் வேலை செய்யும் நண்பருக்காக இன்னொருவர் கையெழுத்திடுகிறார். நண்பர் வேலை மாறிப் போய்விடுகிறார். பில் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. ஒப்பந்தத்தில் யார் பெயர் உள்ளதோ அவரே கடனாளி. கட்டாத பாக்கி சிடோஸ் போன்ற கடன் தகவல் நிறுவனங்களின் பதிவில் ஏறலாம். சில நூறு வெள்ளிப் பாக்கி, நான்கு ஆண்டுகள் கழித்து வீட்டுக் கடனோ கார்க் கடனோ கேட்கும்போது குறுக்கே வந்து நிற்கும்.

ஒப்பந்தம் முடியும் முன் துண்டித்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது விதிமுறையில் எழுதப்பட்டிருக்கும். மீதமுள்ள மாதங்களின் கட்டணம் முழுவதையும் கேட்கும் திட்டங்கள் உண்டு. குறிப்பிட்ட ஒரு தொகையை மட்டும் கேட்பவையும் உண்டு. தோட்ட வேலையை விட்டு நகரத்துக்கு மாற நினைப்பவர்களும் வாடகை வீட்டில் இருப்பவர்களும் இந்த வரியைக் கட்டாயம் படிக்க வேண்டும். புது முகவரியில் அந்தச் சேவை இல்லையென்றால் அபராதம் உண்டா என்பதே அவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. ஒப்பந்தமே இல்லாத திட்டம் மாதம் சில வெள்ளி கூடுதலாக இருந்தாலும் அவர்களுக்கு அதுவே லாபமாக அமையலாம்.

மோடமும் ரூட்டரும் பல திட்டங்களில் நிறுவனத்துக்குச் சொந்தமானவை. சேவையை நிறுத்தும்போது அவற்றைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். ரசீது இல்லையென்றால் கருவிக்கான தொகையும் பில்லில் ஏறலாம்.

மைகார்டு நகல் கொடுக்கும்போது அதன் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எந்த விண்ணப்பத்துக்காகக் கொடுக்கப்படுகிறது என்று நடுவில் எழுதித் தர வேண்டும். அப்படிச் செய்தால் அதை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது கடினமாகும். வாசலில் வந்தவர் உண்மையில் அந்த நிறுவனத்தின் முகவரா என்பதை அந்நிறுவனத்தின் அதிகாரபூர்வ எண்ணில் அழைத்து உறுதிசெய்த பிறகே கையெழுத்திட வேண்டும். முன்பணத்தை முகவரின் சொந்த வங்கிக் கணக்கில் போடச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பணம் போன பிறகே மோசடி என்று தெரிந்தால் 997 என்ற தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

சேவை சரியில்லை என்றால்

வாய்மொழிப் புகாருக்கு மதிப்பு குறைவு. முதலில் நிறுவனத்திடம் புகார் செய்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். இணையம் நின்ற தேதி, மணி, வந்த தொழில்நுட்பர் என்ன செய்தார் என்பதை ஒரு நோட்டில் எழுதிவைத்தால் பின்னால் கைகொடுக்கும். பல நாள் சேவை இல்லையென்றால் அந்த நாட்களுக்கான கட்டணக் கழிவைக் கேட்க வேண்டும். கேட்காதவருக்கு அது தானாகக் கிடைக்காமல் போகலாம்.

நிறுவனத்தின் பதிலில் திருப்தி இல்லையென்றால் அடுத்த படி எம்சிஎம்சி. புகார் எண்ணும் பில் நகலும் இருந்தால் வேலை சுலபமாகும். பண இழப்புக்கு ஈடு கேட்பவர்கள் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடவும் வழி உண்டு. அங்கே கட்டணம் 5 வெள்ளி; 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைத் தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை.

கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை

1. இந்த முகவரிக்கு இந்தச் சேவை கிடைக்குமா, போர்ட் காலியாக இருக்கிறதா?

2. வரி, கருவி வாடகை எல்லாம் சேர்த்து மாத பில் எவ்வளவு? சலுகை முடிந்த பிறகு எவ்வளவு?

3. ஒப்பந்தம் எத்தனை மாதம்? இடையில் நிறுத்தினால் எவ்வளவு கட்ட வேண்டும்?

4. வீடு மாறினால், புது இடத்தில் சேவை இல்லையென்றால் என்ன ஆகும்?

5. பயன்பாட்டு வரம்பு உண்டா? அதைத் தாண்டினால் வேகம் எவ்வளவாகக் குறையும்?

6. பதிவேற்ற வேகம் எவ்வளவு?

7. தொலைக்காட்சித் தொகுப்பைப் பிறகு தனியாக நிறுத்த முடியுமா?

8. மோடம், ரூட்டர் யாருக்குச் சொந்தம்?

9. பழுதானால் எத்தனை நாட்களில் வருவார்கள்?

10. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான திட்டம் ஏதும் உண்டா?

இந்தப் பத்துக்கும் முகவர் விடை சொன்னால், அதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பச் சொல்லலாம். நேர்மையான முகவர் அனுப்பத் தயங்கமாட்டார். தயங்குபவரிடம் மைகார்டைக் கொடுக்க வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை என்று அவர் சொன்னாலும், அதே சலுகை அடுத்த வாரமும் இருக்கிறதா என்று கிளையில் போய்க் கேட்டுப் பார்க்கலாம். ஒரு வாரம் பொறுத்தால் 24 மாத பில்லை யோசித்து முடிவு செய்ய நேரம் கிடைக்கும்.